கரட்டுப்புதூர் மடிப்பிச்சை

மேட்டூரில் காவேரியை மறித்து அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே ஊசிக்கல்மேட்டில் பாதி ஆட்கள் அங்கே கல் உடைக்கப் போயிருந்தார்கள். தண்ணீரைத் தேக்கக் கல் உடைத்தவர்களின் சொந்தக் காடுகளில் கம்பு முழங்கால் உயரத்தோடு நின்று காய்ந்தது. கிணறுகளில் பாறை தெரிந்தது. கவலை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க வேலையில்லாத மாடுகள் கொட்டத்தில் நின்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன.

செங்கோட்டையக் கவுண்டர் அந்த ஐப்பசியில் படுத்தார். முதலில் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. வீட்டு முன்கட்டில், ஆசாரத்தில் போட்ட கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார், படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறுகிற மாதிரி இருக்கும் என்பார். கண்கள் இரண்டிலும் பூ விழுந்து நாலைந்து வருஷமாகிவிட்டது. எதிரில் நிற்பது ஆளா மரமா என்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது. வைத்தியர் கடைசியாக வந்தபோது மருந்து எதுவும் கொடுக்காமல் மோர் குடித்துவிட்டுப் போனார். அதிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

மருமகள் வள்ளியாத்தாள்தான் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் வேறு பெண் இல்லை.

"ஒரு வாய் குடிங்க மாமா. புளிச்ச தண்ணிதானுங்க."

"குடிச்சு?"

"குடிச்சா மூச்சுக்கு நல்லதுங்க."

"எனக்கெதுக்கு அம்மிணி மூச்சு? அந்தத் தண்ணிய மாட்டுக்கு வெய்யி. அதாச்சும் மழை வந்தா ஏர் இழுக்கும்."

"மாட்டுக்கு வெச்சுட்டேனுங்க. இது உங்களுக்கு."

"மாட்டுக்கு அப்பறந்தான் எனக்கா?" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். குடிக்கும்போது அவர் கழுத்து நரம்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வள்ளியாத்தாளுக்கு, இன்னும் ஒரே ஒரு காரியந்தான் பாக்கி இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிழவர் சொன்ன ஒரு சொல்லை அவரே தன் வாயால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சு நிற்பதற்கு முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவளுடைய புருஷன் சென்னியப்பன் நாடகத்தில் ஸ்திரீபார்ட். சேலத்து நாடகக் கம்பெனி ஒன்று மேச்சேரிச் சந்தைக்கு வந்தபோது, கவலை ஓட்டிக்கொண்டே பாடிப் பழகிய தொண்டை ஒன்று ஊசிக்கல்மேட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். மெலிந்த உடம்பு, முடியை வளர்க்கச் சொன்னார்கள், சேலை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் அவன் பேர் போட்ட நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாது. சேலத்தில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறான் என்று சொல்லி வைத்திருந்தான்.

கவுண்டர் ஒருநாள் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். அங்கே ஒரு தரகு ஆள் எல்லார் முன்னாலும், "உங்க ஊட்டுப் பொம்பளை நேத்து நல்லா அழுதாளுங்க கவுண்டரே. எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு" என்றான். யார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாங்கிய எருதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். குலதெய்வத்துக் கோயில் முன்னால் பங்காளிகளைக் கூட்டி நிறுத்தி, "எனக்குக் கொள்ளி போடறவன் வேட்டி கட்டுனவனா இருக்கோணும். சேலை கட்டுனவன் தொடக்கூடாது. என்ர தம்பி மகன் மருதாசலம் போடட்டும். இது சாமி முன்னால சொன்ன சொல்லு" என்றார். அதற்குப் பிறகு மகன் வீட்டுக்கு வரும் நாட்களில் அவர் தோட்டத்துச் சாளையில் படுத்துக்கொள்வார். ஏழு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கழிந்தது.

மகன் இருக்க, இன்னொருவன் கொள்ளிச் சட்டியைத் தூக்கினால் அந்த மகன் பங்காளிகளுக்குள் செத்தவனுக்குச் சமம். அவன் கையால் ஒரு பொங்கல் வைக்க முடியாது, ஒரு கல்யாணத்தில் முன்னால் நிற்க முடியாது. வள்ளியாத்தாள் அவன் நாடகத்தைப் பார்த்ததில்லை. குடும்பத்துப் பெண்கள் போகிற இடமில்லை அது. அவன் வருவான், நாலு நாள் இருப்பான், அவள் மாவு அரைப்பதையும் அடுப்பூதுவதையும் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். "என்ன அப்புடிப் பாக்கறீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பான். பிறகு போய்விடுவான். அவனுடைய தொழிலில் அவளுக்குத் தெரிந்தது, அவன் கொண்டுவருகிற சேலைகளில் முகப்பூச்சின் கறை இருக்கும், வெந்நீரில் சீயக்காய் போட்டால்தான் போகும் என்பது மட்டும்.

அவனுக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அவன் வரவில்லை. பெட்டிக்காரர் கரீம் பாஷா வந்தார்.

கரீம் பாஷா சேலம் கோட்டைக்காரர். கம்பெனியில் ஹார்மோனியம் வாசிப்பவர். மேச்சேரிக்கு அப்பால் கரட்டுப்புதூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சிம்மா, அவன் வரமாட்டேன்னு சொல்லலே. வர முடியாம கெடக்கான். அந்த ஊருல மழைக்காகக் கார்குழலி ராணி நாடகம் வெச்சிருக்காங்க. காப்புக் கட்டிட்டாங்க. ராணி வேஷக்காரன் கையிலே காப்பு ஏறிட்டா, அவுக்கறவரைக்கும் ஊரு எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வேளைச் சோறு, வெறுந்தரை, ஈரத்துணி. பச்சைத் தண்ணி ஊத்திக்கிட்டு எட்டு நாளாப் பாடறான்."

"அவிங்க அய்யனுக்கு இப்புடின்னு ஊர்க்காரங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னேன். அவங்க அழுவறாங்கம்மா. நாலு வருஷமா வெள்ளாமை இல்லே. 'ராணி போயிட்டா மழை போயிரும்'னு பொம்பளைங்க வழியிலே குறுக்கே படுத்துக்கிட்டாங்க. மிதிச்சுக்கிட்டா வர முடியும்? நாளைக்குப் பொழுதோட மடிப்பிச்சை. அது முடிஞ்சு விடிஞ்சாத்தான் காப்பு அவுப்பாங்க."

உள்ளேயிருந்து கவுண்டரின் குரல் வந்தது. "யாரு அது?"

"நான் பெட்டி வாசிக்கிறவன் பெரியவரே. கரீம் பாஷா."

"காப்பு எந்தக் கையில கட்டியிருக்குது?"

கரீம் பாஷா வள்ளியாத்தாளைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "இடது கையிலேங்க. பொம்பளை வேஷத்துக்கு இடது கையிலேதான் கட்டுவாங்க."

கட்டில் கிறீச்சிட்டது. கிழவர் எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறார். "அம்மிணி, மருதாசலத்தைக் கூப்புட்டு வண்டியக் கட்டச் சொல்லு. நானே போறேன். அந்தக் காப்ப என்ர கையாலயே அத்துப்போட்டு அவன இழுத்துட்டு வாரேன். வேட்டி கட்டிட்டு வந்தான்னா கொள்ளி போடட்டும். இல்லீன்னா அங்கயே பொட்டச்சியாக் கெடக்கட்டும்."

"மாமா, வண்டி குலுங்குனா உங்களுக்கு..."

"செத்தா அங்கயே செத்துட்டுப் போறேன். கொள்ளி போட வேண்டியவங்க ரெண்டு பேரும் அங்கதான இருப்பாங்க? வசதிதான்."

மறுநாள் விடிந்ததும் வண்டி புறப்பட்டது. சோளத்தட்டு பரப்பி மேலே மெத்தை போட்டு, முதுகுக்குத் தவிட்டு மூட்டை ஒன்றைச் சாய்த்துக் கிழவரை உட்கார வைத்திருந்தார்கள். கரீம் பாஷா விடிவதற்கு முன்பே முன்னால் நடந்துவிட்டார். வண்டி ஓட்டியது மருதாசலம். சென்னியப்பனுக்கு இரண்டு வயது இளையவன், வாய் ஓயாதவன். அண்ணன் பெண்டாட்டி என்பதால் வள்ளியாத்தாளை நங்கை என்று கூப்பிடுவான். தான் கொள்ளி போட வேண்டியவன் என்பதை ஏழு வருஷமாகக் கழுத்தில் கட்டிய மரக்கட்டை மாதிரி சுமந்துகொண்டிருந்தவன்.

வழியெல்லாம் செம்மண் புழுதி. வேலியோரத்தில் கிளுவை மட்டும் பச்சையாக நின்றது. மேச்சேரியை நெருங்க நெருங்கச் செவலை ஆடுகள் கூட்டங்கூட்டமாக எதிர்ப்பட்டன. தின்ன ஒன்றுமில்லாமல் பனையோலைச் சருகை மென்றுகொண்டு நின்றன. வேப்பமரத்தடியில் மாட்டை அவிழ்த்தார்கள். வள்ளியாத்தாள் கம்பஞ்சோற்று உருண்டையை மோரில் கரைத்துக் கிழவருக்கு ஊட்டினாள். மருதாசலம் உருண்டையை அப்படியே வெங்காயத்தோடு கடித்தான்.

கிழவர் கண்ணயர்ந்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான். "நங்கை, ஒண்ணு சொல்றேன். பெரீப்பன்கிட்டப் போட்டுக் குடுத்துராதீங்க. நான் அண்ணன் நாடகத்தப் பாத்திருக்கறேன்."

"எங்க?"

"சேலத்துல. நெல்லு அரைக்கப் போனனே, மூணு நாளாச்சுன்னு பெரீப்பன் திட்டுனாரே, அப்ப. மில்லுல ஒரு நாள்தான் ஆச்சு."

"அடப்பாவி."

"முன்னால போயி உக்காந்தேன். அண்ணன் என்னையப் பாத்தா சிரிச்சுப்போடும், அதுல நாடகம் கெட்டுரும், வேடிக்கையா இருக்கும்னு நெனச்சேன். வந்து நின்னுச்சு. என்னையப் பாத்துச்சு நங்கை. நேராப் பாத்துச்சு. எனக்குத்தான் பயமாப் போச்சு. எந்திரிச்சுப் பின்னால போயி நின்னுட்டேன்."

"பயமா? ஏன்?"

"தெரியலீங்க. நம்ம ஊட்டு ஆளு கண்ணுல இருந்து வேற ஒருத்தரு பாத்தா எப்புடி இருக்கும்?" சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கடித்தான். "கத்தறது இல்ல. ஆனாக் கடைசில நின்ன எனக்குப் பக்கத்துல சொல்ற மாதிரிக் கேட்டுச்சு. அங்க அத்தனை சனம். ஒருத்தன் பொடி போட டப்பியத் தொறந்தான், பக்கத்துல இருந்தவன் கையப் புடிச்சுக்கிட்டான்."

"யாரு நாடகம் பாத்தது?" என்றார் கிழவர். தூங்கவில்லை போலிருக்கிறது.

"மாடு வாங்கறதப் பத்திப் பேசிட்டிருந்தமுங்க பெரீப்பா."

"மாட்டுக்குப் பொடி டப்பி எதுக்குடா?"

மருதாசலம் எழுந்து வண்டியைப் பூட்டினான்.

கரட்டுப்புதூர் எல்லைக்கல்லில் வேப்பிலை கட்டி மஞ்சள் பூசியிருந்தார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கம்பும் தடியுமாக நின்ற ஊர்க்காரர் ஒருவர் வண்டியை மறித்தார்.

"வண்டி உள்ள வரக் கூடாதுங்க. காப்புக் கட்டியிருக்குது."

"உள்ள போகோணும். அவன் கையில இருக்கற காப்ப..." என்று ஆரம்பித்த கிழவருக்கு மூச்சு இரைத்தது.

"மடிப்பிச்சை அன்னைக்கு உள்ள வந்தீங்கன்னா விடியற வரைக்கும் வெளிய போக முடியாதுங்க பெரியவரே. உங்களப் பாத்தா அதுக்குத் தாங்கற மாதிரி இல்ல. இங்கயே எறங்கி இருங்க. ராணி எல்லை வரைக்கும் மடியேந்தி வரும். கையில தானியம் இருக்குதுங்களா?"

"எதுக்கு?"

"மடியில போடத்தான். வெறும் தானியத்தப் போடறதில்லீங்க எங்கூர்ல. மனசுல இருக்கற கொறையச் சொல்லிப் போடோணும். ராணி பாட்டுல ஏத்துக்கும். விடியறப்ப எல்லாத்தயும் வறங்காட்டுல கொட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவாங்க. மடியில விழுந்தத ஒருத்தரும் திருப்பி எடுத்துக்கறதில்ல. எங்க அப்பன் காலத்துல இருந்தே அப்புடித்தான்."

மருதாசலமும் வள்ளியாத்தாளும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வள்ளியாத்தாள் மாட்டுக்குக் கொண்டுவந்த பையிலிருந்து கம்பு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதை எறிந்துவிடுவாரோ என்று பார்த்தாள். எறியவில்லை. அவர் காது எங்கேயோ இருந்தது.

பாட்டு வந்துகொண்டிருந்தது. ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காய்ந்த காடுகளுக்கு மேலாக, முதலில் சொல் புரியவில்லை. பெட்டியின் சுருதி மட்டும் கேட்டது, பிறகு அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல். பெண் குரல் என்றும் சொல்ல முடியாது, ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது. தாகம் எடுத்தவர் யாராக இருந்தாலும் அந்தக் குரலில்தான் கேட்பார்கள் என்று தோன்றியது. இந்தத் தொண்டைக்கா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தோம் என்று வள்ளியாத்தாள் நினைத்தாள்.

"யாரு பாடறது?" என்றார் கிழவர்.

"ராணி வருதுங்க பெரீப்பா" என்றான் மருதாசலம்.

தீவட்டிகள் தெரிந்தன. ஊர் முழுக்கப் பின்னால் வந்தது, ஆனால் சத்தமில்லை. கரீம் பாஷா பெட்டியைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டே நடந்து வந்தார். எல்லாருக்கும் முன்னால், நனைந்த வெள்ளைச் சேலையில், அவிழ்ந்த கூந்தலோடு, இரண்டு கையாலும் மடியை ஏந்தியபடி அவள் வந்தாள். மடியில் தானியம் கனத்தது. வெறுங்கால். ஒன்பது நாள் அரைப்பட்டினியில் கன்னம் ஒட்டியிருந்தது. ராணிதான், சந்தேகமில்லை. நகை ஒன்றுகூட இல்லாமலே ராணி.

வள்ளியாத்தாள் தன் புருஷனைத் தேடினாள். அந்த முகத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் அவன் இருப்பான் என்று உற்றுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அப்போது ராணி ஒரு கையை மடியிலிருந்து எடுத்து, நெற்றியில் ஒட்டிய முடியைப் புறங்கையால், மணிக்கட்டு மேட்டால் ஒதுக்கினாள். ஒதுக்கிவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்து மூச்சு விட்டாள்.

மாவு அரைத்த கையோடு வள்ளியாத்தாள் முடி ஒதுக்குவது அப்படித்தான்.

மருதாசலமும் பார்த்துவிட்டான். "நங்கை," என்றான் மெதுவாக, "அது நீங்கதானுங்க." அடுப்படியில் யாரும் கவனிக்காமல் தான் செய்த ஒன்றை, ஓர் ஊர் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு பின்னால் வருகிறது. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று நினைத்தாளே, அந்த நாலு நாட்கள் எல்லாம் அவன் எதைச் சுமந்துகொண்டு போனான் என்று இப்போதுதான் தெரிந்தது.

ராணி எல்லைக்கல்லுக்கு வந்து கிழவருக்கு நேராக நின்றாள். அவர்கள் மூவரையும் பார்த்தாள். கண் அசையவில்லை. கரீம் பாஷாவின் விரல்தான் பெட்டியின் கட்டையில் ஒருமுறை தடுக்கிற்று.

"பெரியவரே, மடியில போடுங்க" என்றார் தடிக்காரர்.

கிழவர் இடது கையை நீட்டித் துழாவினார். கை அவள் மணிக்கட்டில் பட்டது. மஞ்சள் கயிறு விரலில் தட்டுப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டார். ஒரு சுண்டு சுண்டினால் போதும், ஊர் அவரை அங்கேயே கொன்றுபோட்டுவிடும், மகனையும் சேர்த்து. மருதாசலம் பெரியப்பனின் தோளை இறுக்கிப் பிடித்தான். ராணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பாடிக்கொண்டிருந்த அடியை மட்டும் முடிக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தாள். அந்த இழுப்பு தேயவும் இல்லை, ஏறவும் இல்லை. கிழவரின் பிடிக்குள் இருந்த கையின் வழியாகவே அது அவருக்குள் போகிற மாதிரி இருந்தது.

கயிற்றைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

"ஆத்தா," என்றார் கிழவர். அப்படி ஒரு குரலில் அவர் பேசி வள்ளியாத்தாள் கேட்டதே இல்லை. "எனக்கு ஒரு பையன் இருக்கறான். அவன் எனக்குக் கொள்ளி போடக் கூடாதுன்னு சாமி முன்னால சொல்லிப்போட்டேன். கோவத்துல சொன்னதுதான். சொன்னதுக்கப்பறம் எப்புடித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல. ஏழு வருசமா அது தொண்டையில நிக்குது. கண்ணு தெரியாமப் போனதுகூட அதனாலதான்னு தோணுது. அத எங்கயாவது வெக்கோணும் ஆத்தா. எங்க வெக்கட்டும்?"

பெட்டி நின்றுவிட்டது. தீவட்டியில் எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் யாரோ ஒரு கிழவர் தன் குறையைச் சொல்கிறார் என்று காத்து நின்றார்கள். அவர் யாரென்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், ராணி வேஷம் போட்டவனைச் சேர்த்தால் நான்கு பேர். அவன் இப்போது "அய்யா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் ராணி போய்விடுவாள். நாலு வருஷம் காய்ந்த ஓர் ஊர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராணி மடியை இன்னும் கொஞ்சம் விரித்தாள். பெட்டி இல்லாமல், சுருதி இல்லாமல் பாடினாள்.

நெல்லைப் போட்டால் நெல்லைத் தாங்கும்,
சொல்லைப் போட்டால் சொல்லைத் தாங்கும்,
கல்லைப் போட்டாலும் கனக்குதென்னாது,
பெற்றவர் போட்டது பெருஞ்சுமை ஆகுமோ
போடய்யா மடியிலே, போடய்யா மடியிலே.

அந்த நாடகத்தில் அப்படி ஒரு பாட்டு இல்லை என்று கரீம் பாஷா பிற்பாடு சொன்னார். அதற்கு முன்னும் அவர் அதைக் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் கேட்டதில்லை.

கிழவர் கம்பை மடியில் போட்டார். விரலிடுக்கில் ஒட்டியிருந்ததையும் உதறிவிட்டார். "போட்டுட்டேன்" என்றார். பிறகு தலையைக் குனிந்தார். மடியில் போட்டவர் தலையில் ராணி கைவைத்து ஆசி சொல்வது அங்கே வழக்கம். மஞ்சள் கயிறு கட்டிய கை, நரைத்த தலைமேல் வந்து அமர்ந்தது. அது நடுங்கவில்லை.

ராணி அடுத்து அவள் முன்னால் நின்றாள். ஏழு வருஷத்துக் குறைகள் அவளிடம் இருந்தன. வரிசையாகச் சொன்னால் விடிந்துவிடும். கையில் இருந்த கம்பை மடியில் போட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

கூட்டம் திரும்பி அடுத்த எல்லைக்கு நடந்தது. கிழவரை வண்டியில் ஏற்றியதும் மருதாசலம், "இருங்க நங்கை, வந்தர்றேன்" என்று எல்லையோரமாகவே கூட்டத்தின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வந்தான். வந்து மாட்டைப் பூட்டினான். அவ்வளவு தூரம் அவன் பேசாமல் வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான்.

மேச்சேரி தாண்டியதும் கிழவர் கூப்பிட்டார். "அம்மிணி."

"என்னங்க மாமா?"

"காப்ப அத்துரோணும்னுதான் புடிச்சேன். புடிச்சதுக்கப்பறம் கை ஒத்துக்கல."

அவளுக்கு அழுகை வந்தது. "அப்பறம் தெரிஞ்சேதானுங்களா மாமா சொன்னீங்க?"

"தெரிஞ்சு போட்டனா, தெரியாமப் போட்டனான்னு என்னையக் கேக்காத. போட்டாச்சு." கொஞ்ச தூரம் போனபின் கேட்டார். "எப்புடி இருந்துச்சு?"

"வெள்ளைச் சேலைங்க மாமா. முடிய அவுத்து விட்டிருந்தாங்க. நெத்தியில... கும்புடத் தோணுச்சுங்க."

"கண்ணிருந்தும் உனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியுதா?" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. "எனக்குக்கூடத் தெரிஞ்சுது. வெளிச்சமா ஒண்ணு வந்து நின்னுச்சு. வெளிச்சத்தப் பாத்து எத்தன வருசமாச்சு."

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்த்தார்கள். தண்ணீர் கேட்டுக் குடித்தார். விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

காப்பு அவிழ்த்த கையோடு சென்னியப்பன் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கரீம் பாஷா மேச்சேரியில் ஒரு குதிரை வண்டி பிடித்துக் கூட்டி வந்திருந்தார். வேட்டி கட்டியிருந்தான். காதோரத்தில் வெள்ளைப் பூச்சு மிச்சமிருந்தது. அவிழ்த்துப் போட்ட கூந்தல் முதுகில் கிடந்தது. பிணத்தின் காலடியில் உட்கார்ந்தான். அழவில்லை. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

பங்காளிகள் வாசலில் கூடியிருந்தார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டு, செம்பில் தண்ணீரோடு வந்து நின்றார். "யாருக்குங்க சாமி மழிக்கறது?" என்றார்.

ஒரு பக்கம் மருதாசலம், இன்னொரு பக்கம் சென்னியப்பன். நாவிதர் நடுவில் நின்றார்.

பங்காளிகளில் மூத்தவர் சின்னுசாமிக் கவுண்டர் தொண்டையைச் செருமினார். "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? செங்கோட்டையன் சாமி முன்னால சொல்லிட்டான். மருதாசலம், உக்காரப்பா."

வள்ளியாத்தாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்பளைகள் பேசும் இடத்தில் அவள் பேசக் கூடாது. பேசினாலும் பெண்டாட்டி சொல்வதை யார் எடுப்பார்கள்? சென்னியப்பன் தலையைத் தூக்கவில்லை. தனக்காக ஒரு சொல் அவன் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மருதாசலம் உட்காரவில்லை. "அந்தச் சொல்லு இப்ப இல்லீங்க. நேத்துக் கரட்டுப்புதூர்ல பெரீப்பன் அத ராணி மடியில போட்டுட்டாரு. வாய் விட்டுச் சொல்லிப் போட்டாரு. நான் தோளப் புடிச்சுட்டு நின்னேன். அந்த ஊரே சாட்சி."

"ராணியா? எந்த ராணி?" சின்னுசாமிக் கவுண்டரின் உதடு கோணியது. "சேலை கட்டிட்டு நின்னது இவன்தான? அய்யன் சாவக் கெடக்கற நேரத்துல வேஷம் போட்டு ஏமாத்தி வாங்குனது செல்லுமாக்கும்?"

"அங்க அண்ணன் இல்லீங்க" என்றான் மருதாசலம்.

"பின்ன யாரு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. தீவட்டி வெளிச்சத்துல, கைக்கெட்டற தூரத்துல நின்னு பாத்தேன். நான் பொறந்ததுல இருந்து அண்ணன்கூடச் சோறு திங்கறவன். அண்ணன் இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமுங்களா? தேடிப் பாத்தேன். இல்லீங்க. வண்டியப் பூட்டறதுக்கு முன்னால நானும் ஓடிப்போயி ஒரு புடி கம்பு போட்டேனுங்க."

"நீ என்னத்தச் சொல்லிப் போட்டே?"

"பெரீப்பனுக்குக் கொள்ளி போடற பாரத்த எங்கிட்ட இருந்து எடுத்துக்க ஆத்தான்னு."

சின்னுசாமிக் கவுண்டர் அவனைப் பார்த்தார். பிறகு காலடியில் உட்கார்ந்திருந்தவனின் காதோரத்து வெள்ளையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

நாவிதர் போய்ச் சென்னியப்பனின் முன்னால் குந்தினார். அவ்வளவு நீளமான முடியை அவர் அதுவரை மழித்ததில்லை. எங்கே தொடங்குவது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு செம்பில் கையை நனைத்து அவன் உச்சந்தலையில் தண்ணீர் தெளித்தார்.